பின்கம்பு பிடித்தவன்

மயிலம்மாளுக்கு வலி எடுத்து இரண்டு நாள் ஆகிவிட்டது. மூன்றாம் நாள் காலை, வெயில் கூரைக்கு மேல் ஏறிய நேரத்தில், ராக்கம்மாள் குடிசைக்குள்ளிருந்து வெளியே வந்தாள். சொம்புத் தண்ணீரில் முழங்கை வரை கழுவிக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"கொழந்த குறுக்க கெடக்குது. இனி என் கையில ஒண்ணுமில்ல. கீழ கொண்டு போயிருங்க."

அவ்வளவுதான். ராக்கம்மாள் அந்த ஊரில் பிரசவம் பார்க்கிறவள். ஐம்பது வயதிருக்கும். மூன்று வருடமாக அவள் ஒரு நாளில் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே அவள் வாய் திறந்து ஒன்றைச் சொன்னால் அதற்கு யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

சென்றாயன் வாசலில் நின்றிருந்தான். மயிலம்மாள் அவனுடைய ஒரே மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள். உள்ளே அவள் கத்துவதை நிறுத்தி வெகுநேரம் ஆயிற்று. இப்போது முனகல் மட்டும்தான். கத்தியபோதுகூட அவனுக்கு இவ்வளவு பயம் இல்லை.

கீழே என்றால் முள்ளுக்குறிச்சி. அங்கிருந்து மாட்டு வண்டியில் சிறிது தூரம் போனால் ஒரு ஆஸ்பத்திரி. அந்த அறுபத்தோராம் வருடத்தில் மலைமேல் இருக்கிற திருப்புலி நாட்டிலிருந்து கீழே இறங்கக் கால்தடம்தான் உண்டு, ரோடு கிடையாது. மலையின் மறுபக்கத்தில் ரோடு போடுகிறார்கள் என்று கல் உடைக்க ஊரின் ஆண்கள் கிட்டத்தட்ட அத்தனை பேரும் போயிருந்தார்கள், மயிலம்மாளின் புருஷன் உட்பட. சனிக்கிழமைக்கு முன்னால் ஒருத்தனும் திரும்ப மாட்டான். அன்று செவ்வாய். ரோடு வந்து சேரும் வரை ரோடு இல்லாமல் சாகிறவர்கள் சாகத்தான் வேண்டும் போலிருக்கிறது.

மிச்சம் இருந்தவர்களில் டோலி தூக்கத் தோள் உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருவன் பழனிமுத்து, தினைக் காட்டில் பன்றிக்குக் காவல் இருப்பதற்காக வேலைக்குப் போகாமல் நின்றவன். ராக்கம்மாளின் மருமகன். பெண்டாட்டியை இழந்தவன். இன்னொருவன் சென்றாயன்.

"மாமா, முன்கம்பு நான் புடிக்கறனுங்க," என்றான் பழனிமுத்து. "பின்கம்புக்கு உங்கள விட்டா ஆள் இல்ல. மூணு வருசமா நீங்க தொடறதில்லைன்னு தெரியும். இன்னைக்குத் தொட்டுத்தான் ஆகோணும்."

சென்றாயன் வாசலை விட்டு நகரவில்லை.

டோலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெயர்தான் பெரியது. பத்தடி மூங்கில் ஒன்று. அதில் கெட்டியான ஒரு சேலையைத் தொட்டில் போலக் கட்டியிருக்கும், நோயாளி அதற்குள். முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், தொட்டில் ஆடாமல் சேலை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடக்க ஒரு பெண். இறக்கத்தில் பாரமெல்லாம் முன்கம்புக்காரன் தோளில் வந்து விழும். அவனுக்கு வேண்டியது பலம். பின்கம்புக்காரனுக்கு வேண்டியது வேறு. அவனுக்குத் தன் கால் தெரியாது. தொங்குகிற தொட்டில் அவன் முன்னால் நாலு எட்டுத் தரையை மறைத்துவிடும். அதற்கு அப்பால், முன்னால் போகிறவன் கால் வைக்கும் இடம்தான் அவன் கண்ணில் படும். அங்கே இருக்கிற கல்லை, வேரை, பள்ளத்தைப் பார்த்து மனதில் பிடித்துக்கொள்வான். தொட்டில் அதை மறைத்துவிடும். நாலு எட்டு கழித்து, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கல்லின் மேல் கால் சரியாக இறங்க வேண்டும். அது இறங்கும்போதே கண் அடுத்த கல்லை எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு கல் சில நொடிகள் மனதில் நின்றால் போதும், அதற்குப் பிறகு அது யாருக்கு வேண்டும். பழகின பாதைதானே என்று கீழ்நாட்டுக்காரர்கள் கேட்பார்கள். வளைவு பழகும், கல் பழகாது. ஒவ்வொரு மழையும் கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும்.

அதனால் அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பின்கம்புக்காரனிடம் யாரும் பேசக் கூடாது. பேச்சுக் காதில் விழுந்தால் பிடித்த கல் கலைந்துவிடும் என்பார்கள். டோலியோடு போகிறவர்கள் வாயை மூடிக்கொண்டுதான் போவார்கள். நோயாளிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட மூங்கிலில் இரண்டு தட்டு, அவ்வளவுதான்.

இருபது வருடம் சென்றாயன்தான் பின்கம்பு. அவன் தூக்கிக்கொண்டு போனால் நோயாளியின் வாயிலிருந்து வெற்றிலைச் சாறுகூடச் சிந்தாது என்று கேலி பேசுவார்கள். பேசுகிறவர்களுக்கும் அதில் பெருமைதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசியில் அவன் பின்கம்பு பிடித்த டோலியில் போனவள் அத்தாயி. ராக்கம்மாளின் மகள், பழனிமுத்துவின் மனைவி. அவளுக்கும் பிரசவக் கோளாறுதான். முன்கம்பு பழனிமுத்து, சேலை விளிம்பு ராக்கம்மாள் கையில். பாதியில் ஏணிக்கல் என்று ஓர் இடம், பாறையே படிபடியாக இறங்கும். அங்கே அத்தாயி வலி பொறுக்காமல் துடித்தாள். பெற்ற மனம் தாங்கவில்லை. "சென்றாயா, இன்னும் எத்தன வளவு இருக்குது?" என்று ராக்கம்மாள் கேட்டுவிட்டாள். சென்றாயன் சறுக்கினான். மூங்கில் தோளை விட்டு நழுவியது. அத்தாயியின் தலை கல்லில் மோதியது. கீழே போய்ச் சேர்வதற்குள் அவளும் போய்விட்டாள், வயிற்றிலிருந்ததும் போயிற்று.

ஊர் கூடிப் பேசியது. அதிக நேரம் பேச வேண்டியிருக்கவில்லை. பெற்றவளே பேசிக் கொன்றுவிட்டாள் என்றார்கள். இனி எந்த டோலியோடும் ராக்கம்மாள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று முடிவாயிற்று. அவள் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் நாக்குத்தான் தன் மகளைக் கொன்றது என்று அவளும் நம்பினாள். அன்று மூடிய வாய்தான்.

சென்றாயனும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மட்டும் ஒன்று தெரியும். ராக்கம்மாள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் கால் போய்விட்டது.

அந்த வருட ஆவணியில் அவனுக்கு மலைக்காய்ச்சல் கண்டு ஏழு நாள் நினைவில்லாமல் கிடந்தான். எட்டாம் நாள் கண்விழித்து, மெல்ல எழுந்து நடமாடியபோதுதான் ஏதோ ஒன்று குறைவது தெரிந்தது. கூரை வேயும்போது எங்கே ஓட்டை என்று பார்த்துவிட்டுப் புல்கட்டை எடுக்கத் திரும்புவான். எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் எந்த இடம் என்று தெரியாது. அடுப்பைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பினால் அடுப்பு எப்படி இருந்தது என்று மனதில் ஒன்றும் இருக்காது. பழையதெல்லாம் அச்சு அசலாக இருந்தது: செத்துப்போன அப்பன் முகம், முதன்முதலாகத் தூக்கின டோலி, மயிலம்மாள் தவழ்ந்த நாள். இப்போது பார்த்தது மட்டும் கண்ணை எடுத்த மறுகணம் போய்விடும். காய்ச்சல் களைப்பு, நாலு நாள் களி தின்றால் சரியாகும் என்று இருந்துவிட்டான். அந்த நேரத்தில்தான் அத்தாயிக்கு டோலி கட்டினார்கள். சென்றாயன் இருக்கும்போது வேறு யார் என்று எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். முடியாது என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது.

முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. கல்லைப் பார்த்தான், தொட்டில் மறைத்தது, கல் இல்லை. காலால் துழாவித் துழாவி ஏணிக்கல் வரைக்கும் வந்துவிட்டான். எந்த இடத்திலும் டோலியை இறக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த வருடம் மிளகு விற்கக் கீழே போனபோது அந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றான். டாக்டர் ஒல்லியானவர், எதையும் உடனே நம்பாத முகம். கண்ணைச் சோதித்தார். பிறகு என்ன தோன்றியதோ, மேசை மேல் நாலு தீக்குச்சியை நாலு விதமாகச் சாய்த்து வைத்தார். பார்க்கச் சொல்லிவிட்டுக் காகிதத்தால் மூடினார். அவன் கையில் வேறு நாலு குச்சியைக் கொடுத்து அதே மாதிரி வைக்கச் சொன்னார். சென்றாயன் ஒன்றைக்கூடச் சரியாக வைக்கவில்லை. கம்பவுண்டர் நாலையும் வைத்தார். டாக்டர் அடுத்து, "பூட்டு, வாழை, எருமை, உப்பு, சொல்லு," என்றார். சென்றாயன் தடங்கல் இல்லாமல் சொன்னான். இன்னும் இரண்டு சேர்த்தார். அதையும் சொன்னான்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உன் கண்ணுல ஒரு குறையும் இல்ல. பார்த்த பொருள் கண்ணை விட்டுப் போன பிறகும் மூளை அதைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வெச்சிருக்கும். ரொம்பப் பிடிக்காது, யாருக்கானாலும் மூணோ நாலோதான். உனக்கு அந்தப் பிடி காய்ச்சல்ல போயிடுச்சு. காதுல கேட்டதைப் பிடிக்கிறது வேற பிடி போலிருக்கு. அது உனக்கு நல்லாவே இருக்கு."

"திரும்பி வருமுங்களா?"

"தெரியலப்பா. இதுல எங்களுக்கே தெரியாதது நிறைய இருக்கு."

அன்று மலை ஏறும்போது அவன் மனதில் டாக்டர் சொன்னது ஒவ்வொரு சொல்லாக நின்றது. தன் குற்றம் என்று அரைகுறையாகத் தெரிந்திருந்தது இப்போது முழுதாகத் தெரிந்துவிட்டது. நேராக ராக்கம்மாள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றுதான் ஏறினான். ஊரை எட்டியதும் நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. அந்த நாளை இரண்டு வருடம் வரவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிறவள் தலையைக் குனிந்துகொண்டு அவனைக் கடந்து போவாள், அவன் அவளைக் கடந்து போவான். அவன் கெட்டவன் இல்லை என்று சொல்லிக்கொண்டால் எனக்கும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கெட்டவன் செய்கிறதைத்தான் அவன் இரண்டு வருடம் செய்தான்.

"மாமா, நேரம் போகுதுங்க," என்றான் பழனிமுத்து. மூங்கிலைக் கொண்டுவந்து சாய்த்தாகிவிட்டது. ராக்கம்மாள் சேலையை விரித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். சென்றாயனின் மனைவி முனியாயி துணியும் தண்ணீர்ச் சொம்புமாக நின்றாள்.

சென்றாயன் எல்லா வழியையும் யோசித்துப் பார்த்துவிட்டான். தோள் வலி என்று ஒதுங்கினால் தூக்க ஆள் இல்லை, மகள் இங்கேயே சாவாள். வாயை மூடிக்கொண்டு தூக்கினால் ஏணிக்கல்லில் சாவாள். பக்கத்தில் வரும் பெண் கல்லைப் பார்த்துப் பார்த்து வாயால் சொல்லிக்கொண்டே வந்தால் அவனால் இறங்க முடியும், காதில் கேட்டது நிற்கும். ஆனால் டோலிப் பக்கம் ஒருத்தர் இருமினாலே முறைக்கிறவன் பழனிமுத்து. பேச்சுக் கேட்டால் அங்கேயே இறக்கி வைத்துவிடுவான். ஏன் பேச வேண்டும் என்று அவனுக்குச் சொல்லாமல் தீராது. அதைச் சொன்னால் மற்றதையும் சொன்னதாகத்தான் ஆகும்.

உள்ளே மயிலம்மாள் "அப்பா" என்றாள். கூப்பிடவில்லை, முனகலோடு வந்த சொல்தான்.

"பழனிமுத்து, எனக்குக் கல்லு நிக்காது," என்றான் சென்றாயன்.

"என்னங்க?"

"பாத்தது மனசுல நிக்காது. கண்ண எடுத்தாப் போயிருது. அன்னைக்கு வந்த காய்ச்சல்ல இருந்து அப்படித்தான். உங்கத்த பேசுனதுனால நான் சறுக்கல. அவங்க பேசறதுக்கு முன்னயே காலு போயிருச்சு. தெரிஞ்சுதான் கம்பு புடிச்சேன். தெரிஞ்சுதான் இத்தன நாளும் சொல்லாம இருந்தேன்."

முனியாயி தன் புருஷனை, இதுவரை பார்த்தே இராத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ராக்கம்மாளின் கை முடிச்சின் மேல் அப்படியே நின்றது. அவள் நிமிரவில்லை.

பழனிமுத்து கிட்டே வந்து சென்றாயன் கையைப் பிடித்தான். பிடித்த பிடியில் எலும்பு வலித்தது.

"மூணு வருசம்," என்றான். குரல் உயரவில்லை. "மூணு வருசமா எங்கத்த ஊட்டுல நான் பச்சத் தண்ணி குடிக்கல. அவங்க எதுர்ல வந்தா நான் தடத்த மாத்திக்குவேன். தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"இன்னைக்கு உங்க பொண்ணுன்னு வந்ததும் வாய் தொறந்துருச்சா?"

"ஆமா," என்றான் சென்றாயன். "யாராச்சும் கல்லச் சொல்லிட்டே வந்தா நான் எறங்கிருவேன், மாப்ள. மயிலக் கொண்டு போய்ச் சேத்துட்டு என்னை என்ன வேணா பண்ணு."

பழனிமுத்து கையை விடவில்லை. அவன் முகத்தைப் பார்த்த முனியாயிக்கு அடிக்கப் போகிறான் என்றே தோன்றியது. அப்போது ராக்கம்மாளின் கை மறுபடி அசைந்தது. முடிச்சை இறுக்கினாள், தொங்கி இழுத்துப் பார்த்தாள்.

"புள்ளயத் தூக்கிட்டு வாங்க," என்றாள்.

பழனிமுத்து கையை விட்டான்.

சேலை விளிம்பை முனியாயிதான் பிடித்தாள். அவளுக்குத்தான் அந்த உரிமை. ஊர் எல்லை வரை எதுவும் பிசகவில்லை, தடம் அங்கே மண்தான். முதல் வளைவில் கல் தொடங்கியது. "கல்லு," என்றாள் முனியாயி. "அப்பறம் வேரு. ஒரு வேரு." சொல்லச் சொல்ல அவன் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டே காலை வைத்தான். சரியாக விழுந்தது. ஆனால் பெற்றவளின் கண் எத்தனை நேரம் தரையில் இருக்கும்? மயிலம்மாள் உதட்டைக் கடித்தபோது அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் ஒரு பள்ளம் வந்தது. சென்றாயனின் முழங்கால் மடங்கியது. மூங்கில் குலுங்கி, மயிலம்மாள் அலறினாள். எப்படியோ தோளை நிமிர்த்திவிட்டான். பழனிமுத்து நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் முதுகு முழுதும் இறுகியிருந்தது.

பின்னால் காலடி கேட்டது. ஊர் எல்லையோடு நின்றிருக்க வேண்டிய ராக்கம்மாள் இருபது எட்டு பின்னாலேயே வந்துகொண்டிருந்திருக்கிறாள். நேராக வந்து முனியாயியின் விரல்களைச் சேலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"நீ பின்னால வா, ஆத்தா," என்றாள். "பெத்தவளால ஆகாது இது. எனக்குத் தெரியும்."

ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டை யாரும் அவளுக்கு நினைவுபடுத்தவில்லை.

அவள் குரல் முதலில் சரியாக வரவில்லை. வெகுநாள் பூட்டியிருந்த வீட்டுக் கதவு மாதிரி இழுத்துத்தான் திறந்தது. இரண்டு முறை இருமினாள். "எடங்காலு, தட்டக் கல்லு," என்றாள். "வலங்காலு, வேரு, தாண்டு. எறக்கம், ஒரு மொழம். எடங்காலு, பொடிக்கல்லு, அழுத்தாத." அவசரமில்லை, இடைவெளியும் இல்லை. சென்றாயன் தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டான், பார்த்து ஆகப்போவது என்ன. கண்ணை மூங்கிலின் மேல் நிறுத்திக்கொண்டு, கேட்டதை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு சொல் காலுக்குக் கீழே போகும், அடுத்த சொல் அதன் இடத்துக்கு வரும். இருபது வருடம் அவன் கண் செய்த வேலையை அவள் வாய் செய்தது. அந்த வாயைத்தான் அவன் மூன்று வருடம் அடைத்து வைத்திருந்தான். அதை நினைத்தபோது ஒரு சொல் தப்பப் பார்த்தது. நினைப்பதை நிறுத்தினான்.

பாதி வழியில் சுமைதாங்கிக் கல்லில் மூங்கிலை இறக்கினார்கள். முனியாயி மகளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். சென்றாயன் ராக்கம்மாளிடம் போனான்.

"அக்கா, நான்..."

"இப்ப வேண்டாம்," என்றாள் அவள். "நான் கல்லப் பாக்கோணும்."

அதற்குப் பிறகு ஏணிக்கல். வந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. பழனிமுத்துவின் நடை தளர்ந்ததில் சென்றாயனுக்குத் தெரிந்தது. பக்கத்துப் பாறையில் தண்ணீர் கசிகிற சத்தம் கேட்டது. முதல் படிக்கு அவன் இடது காலைத் தூக்கினான். சொல் வரவில்லை.

ராக்கம்மாள் நின்றுவிட்டாள். மூன்று வருடத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில் அவள் நிற்கிறாள், கீழே அதே கல். தூக்கின கால் அந்தரத்தில் இருந்தது. அவன் மனதில் கல்லும் இல்லை, சொல்லும் இல்லை. மகளின் பாரம் முழுதும் ஒற்றைக் காலில். சொல்லு என்று அவளைக் கேட்க அவனுக்கு வாய் எழவில்லை, கேட்க அவன் யார்? பழனிமுத்து முன்னால் கல் போல நின்றான். அவனும் கேட்கவில்லை. பின்னால் முனியாயி விசும்புவதை அடக்கிக்கொண்டாள்.

ராக்கம்மாள் மூச்சை இழுத்து விட்டது கேட்டது.

"எடங்காலு," என்றாள். "இந்தக் கல்லுதான். ஈரமா இருக்குது. குதிகாலு மொதல்ல வையி."

வைத்தான். நின்றது.

"வலங்காலு. ஓரத்துக்குப் போகாத. உள்ளார, உள்ளார. ஆங்."

பத்துப் படி. பத்தையும் சொன்னாள். ஒவ்வொன்றையும் அது எப்படிச் சாய்ந்திருக்கிறது, எங்கே பாசி, எங்கே வெடிப்பு என்று சொன்னாள். அப்போதே ஒருத்தர் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்திருந்தால் அவள் மகள் பிழைத்திருப்பாள். அது அவளுக்கும் தெரியும், முன்னால் போகிறவனுக்கும் தெரியும். கடைசிப் படி இறங்கியதும் பழனிமுத்து ஒரு கையை மூங்கிலிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். நிற்கவில்லை.

முள்ளுக்குறிச்சியில் வண்டி கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி சாய்ந்துவிட்டது. அதே ஒல்லி டாக்டர்தான். மயிலம்மாளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கையை உயர்த்தி ஆட்களைக் கூப்பிட்டார். கதவை மூடினார்கள். முனியாயி கதவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பழனிமுத்து தூணில் சாய்ந்து நின்றான், சென்றாயனுக்கு முதுகைக் காட்டியபடி. ராக்கம்மாள் யாரோடும் சேராமல் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சென்றாயனுக்குத் தெரியாது. தன் மகள் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளக்கூட அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

கடைசியில் உள்ளே ஒரு குழந்தை அழுதது. பலமாக இல்லை, ஆனாலும் அழுதது. ஆயா கதவைத் திறந்து, "பொம்பளப் புள்ள. ஆத்தாளும் பொழச்சிக்கிட்டா. ரத்தந்தான் ரொம்பப் போயிருக்குது, ஆனா கண்ணு முழிச்சிட்டா," என்றாள். முனியாயி எழுந்து உள்ளே ஓடினாள்.

சென்றாயன் சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். அப்போது வெளியே படிக்கட்டிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

முதலில் அது அழுகை என்றே தெரியவில்லை. அடித்தொண்டையில் மெல்ல எழுந்து, ஏறி, ஒரு பெயரில் போய் நின்றது. அத்தாயி. மறுபடியும் அத்தாயி. அத்தாயியை எடுத்த அன்று ராக்கம்மாள் ஒப்பாரி வைக்க வாயைத் திறந்தபோது, பேசிக் கொன்ற வாய்க்குப் பாட்டு வேறயா என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். அந்த ஒப்பாரி அப்படியே உள்ளே போய்விட்டது. இப்போது அது மூன்று வருடத்துக்கும் சேர்த்து வந்தது. மாரில் அறைந்துகொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, மகளின் தலைமுடியைச் சொல்லி, அவள் கட்டின சேலையைச் சொல்லி, பிறக்காமல் போன பேரப்பிள்ளையைச் சொல்லி அழுதாள். பழனிமுத்து போய் அவள் காலடியில் உட்கார்ந்தான். அவள் அவன் தலையைத் தொடவில்லை, எழுந்து போகச் சொல்லவும் இல்லை. காதில் விழுந்த ஒவ்வொரு சொல்லும் சென்றாயனுக்குள் போய் நின்றது, ஒன்றும் கலையவில்லை.

ஆயா பதறிப்போய் வாளியோடு வெளியே ஓடி வந்தாள். வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்தது.

"யாருங்க செத்தது? உள்ள ரெண்டு உசுரும் நல்லாத்தான இருக்குது?"

"எம் பொண்டாட்டிங்க," என்றான் பழனிமுத்து.

"ஐயோ. எப்பங்க?"

"மூணு வருசமாச்சுங்க."

ஆயா அவனையும் அழுகிறவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூணு வருசங் கழிச்சா இந்த அழுகை அழுகறாங்க?"

சென்றாயன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அத்தனை பேருக்கும் முன்னால் படிக்கட்டு வரை நடந்து வந்தான்.

"அப்ப அவங்கள அழுக நான் விடலீங்க," என்றான்.